தயிர்சாதம் மட்டும் போதுமா? நாய்க்கு வீட்டுச் சமையல்: ஒரு டெல்டா கணக்கு

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

நாய் வளர்க்கிறவங்க கூடுற இடத்தில் சாப்பாட்டுப் பேச்சு வந்துட்டா, கட்டாயம் ஒருத்தர் இதைச் சொல்வார்: "எங்க பாட்டி வீட்டு நாய் தயிர்சாதம் தின்னே 14 வருஷம் இருந்துச்சு. நீங்க என்னடான்னா புரோட்டீன், கால்சியம்னு கணக்குப் போடுறீங்க." சொல்றவர் தஞ்சாவூர்க்காரரா இருந்தா குரல் இன்னும் கொஞ்சம் ஓங்கியே இருக்கும். நெல் விளையுற ஊர். வீட்டில் மனுஷனுக்கும் சோறு, மாட்டுக்குக் கழுநீர், நாய்க்குத் தயிர்சாதம்.

இந்த வாதத்தைச் சிரிச்சுட்டுத் தள்ளிட முடியாது. ஏன்னா அந்த நாய் நிஜமாவே இருந்துச்சு, நல்லாவும் இருந்துச்சு. ஆனா அது தயிர்சாதம் தின்னுதான் இருந்துச்சாங்கிறதுதான் கேள்வி.

டெல்டா கிராமத்து நாயோட ஒரு நாளை யோசிச்சுப் பாருங்க. காலையில் கொல்லைப்புறத்தில் அம்மா வைக்கிற சோறு. அதை நக்கி முடிச்சதும் கிளம்பிடும். வயல் வரப்பில் எலி வளை. அறுவடை நேரத்தில் களத்துமேட்டைச் சுத்தி எலி ஓடும், நாய் அதை விடவே விடாது. வாய்க்காலில் நண்டு. குளம் வத்துற காலத்தில் மீன் பிடிச்சா, கரையிலேயே உட்கார்ந்து தலையும் குடலும் தின்னும். கோழி அறுத்தா கால், தலை, குடல். கல்யாண வீட்டுக்குப் பின்னால எச்சில் இலைக் குவியல். மாடு கன்னு போட்டா இளங்கொடியை வைக்கோலில் சுத்தி ஆலமரத்தில் கட்டுற பழக்கம் நம்ம பக்கம் உண்டில்லையா? அதுக்குப் பல காரணம் சொல்வாங்க. அதில் ஒண்ணு, நாய் இழுத்துட்டுப் போயிடக்கூடாது. நாய்க்கு எது பிடிக்கும்னு பெரியவங்களுக்கு நல்லாவே தெரிஞ்சிருக்கு.

அதாவது, நாம வச்சது தயிர்சாதம். நாய் தின்னது தயிர்சாதமும், எலும்போட ஒரு எலியும், ஓட்டோட ஒரு நண்டும், கொஞ்சம் ஈரலும், மீன் தலையும். எலும்பில் கால்சியம், ஈரலில் தாமிரமும் வைட்டமின் ஏயும், மீனில் ஒமேகா-3. யாரும் திட்டம் போடல. கண்ணுக்குத் தெரிஞ்சது தட்டு மட்டும்தான், அதனால தட்டில் இருந்ததுக்கே மொத்தப் பேரும் போயிடுச்சு.

இன்னொண்ணையும் சொல்லிடணும். 14 வருஷம் இருந்த நாயைத்தான் நமக்கு ஞாபகம் இருக்கு. அதே தெருவில் ரெண்டு வயசில் போன நாய்களை யாரும் கதையா சொல்றதில்ல.

இப்போ அந்த நாயைத் தூக்கி மெடிக்கல் காலேஜ் ரோட்டில் ஒரு அடுக்குமாடி வீட்டுக்குக் கொண்டு வாங்க. இல்ல, வேலை கிடைச்சு சென்னைக்கோ பெங்களூருக்கோ போன பையனோட ரெண்டாவது மாடிக்கு. சங்கிலி போட்டுக் காலையில் 20 நிமிஷம், சாயங்காலம் 20 நிமிஷம் நடை. தரையில் எதையாவது முகர்ந்தாலே "ச்சீ, விடு!" எலி இல்ல, நண்டு இல்ல, மீன் தலை இல்ல. ஆனா தட்டு மட்டும் மாறல. பாட்டி வச்ச அதே தயிர்சாதம். முன்னாடி அது சாப்பாட்டில் ஒரு பங்கு, இப்போ அதுதான் மொத்தமும்.

இன்னைக்கு நான் பேசப் போறது அந்தக் காணாமப் போன பங்கைப் பத்தித்தான்.

அதுக்கு முன்னாடி அரிசிக்காக ஒரு வக்கீல் வேலை. "நாய் ஓநாயோட வாரிசு, அதுக்குச் சோறு போடுறதே பாவம், பச்சை மாமிசம்தான் கொடுக்கணும்"னு இன்ஸ்டாகிராமில் ஒரு கூட்டம் சொல்லும். 2013ல் நேச்சர் இதழில் ஸ்வீடன் ஆய்வாளர்கள் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. மாவுச்சத்தைச் செரிக்க கணையத்தில் அமிலேஸ்னு ஒரு நொதி சுரக்கும். அதுக்கான மரபணு ஓநாய்கிட்ட 2 பிரதிதான் இருக்கு. நாய்கள்கிட்ட 4லிருந்து 30 வரை இருக்கு. மனுஷன் விவசாயம் பண்ண ஆரம்பிச்சதும், அவன் போட்ட மிச்சத்தைச் செரிக்கத் தெரிஞ்ச நாய் பிழைச்சது. ஆக, குழைய வெந்த சோறு நாய்க்கு நல்லாவே செரிக்கும். இந்தக் கேஸில் அரிசி குற்றவாளி இல்ல. தனியா விட்டதுதான் தப்பு.

ஆனா எல்லா நாயும் ஒண்ணு இல்ல. 2016ல் வந்த இன்னொரு ஆய்வு, பழைய காலத்திலேயே விவசாயம் இருந்த பகுதிகளோட நாய்களுக்கு இந்தப் பிரதிகள் நிறைய, விவசாயமே இல்லாத ஆர்க்டிக் பக்கத்து நாய்களுக்கும் ஆஸ்திரேலியா டிங்கோவுக்கும் குறைவுன்னு காட்டுச்சு. இதைக் கேட்டதும் எனக்கு ஹஸ்கிதான் ஞாபகம் வரும். பனியில் வண்டி இழுத்த இனத்தை மே மாச வெயிலில் தஞ்சாவூர் மொட்டைமாடி வீட்டில் கட்டிப்போட்டு, "உடம்பு சூட்டுக்கு நல்லது"ன்னு மூணு வேளையும் தயிர்சாதம். ஹஸ்கிக்குச் சோறு செரிக்கவே செரிக்காதுன்னு நான் சொல்லல. ஆனா இந்த இனத்துக்குத் துத்தநாகத்தை, அதாவது ஸிங்கை, உடம்பில் சேர்த்துக்கிறதிலேயே பிறவிச் சிக்கல் வர்றதுண்டு. கண்ணைச் சுத்தியும் வாயைச் சுத்தியும் தோல் தடிச்சுச் செதில் கட்டும். தானியத்தில் இருக்கிற பைட்டேட் அந்தத் துத்தநாகத்தை இன்னும் இறுக்கிப் பிடிச்சுக்கும். வீட்டில் அதைச் சொறின்னு நினைச்சு மாசக்கணக்கில் ஷாம்பூ போட்டுக்கிட்டிருப்பாங்க.

சரி, கணக்குக்கு வருவோம். ஃபோனை எடுங்க, கால்குலேட்டர் போதும்.

நாயோட எடையை மூணு தடவை பெருக்குங்க. 15 கிலோ நாய்னா 15 பெருக்கல் 15 பெருக்கல் 15, அதாவது 3375. அதுக்கு வர்க்கமூலம் எடுங்க, 58 வரும். அதுக்கு மறுபடி ஒரு வர்க்கமூலம், 7.6. அதை 95ஆல் பெருக்குங்க. ஏறக்குறைய 725 கலோரி. வீட்டோட இருக்கிற, பெருசா ஓடியாடாத வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தேவை. இதையே 30 கிலோ லாப்ரடாருக்குப் போட்டா 1220 வரும். எடை ரெண்டு மடங்கு, ஆனா சாப்பாடு ரெண்டு மடங்கு இல்ல, கவனிச்சீங்களா? நம்ம ஊர் லாப்ரடார்கள் எல்லாம் உருளை சோபா மாதிரி இருக்கிறதுக்கு ஒரு காரணம் இதைக் கவனிக்காததுதான்.

இப்போ நம்ம 15 கிலோ நாய்க்கு 725 கலோரியையும் தயிர்சாதமாவே கொடுக்கிறோம்னு வச்சுக்குவோம். வெந்த சோறு 480 கிராம், தயிர் 150 கிராம். அதில் புரதம் சுமார் 18 கிராம் இருக்கும். அமெரிக்காவில் ஆஃப்கோன்னு ஒரு அமைப்பு இருக்கு, தீவனத் தர அதிகாரிகளோட சங்கம். நாய் உணவுக்கு அவங்க வச்ச அளவைப் பல இடங்களில் எடுத்துக்கிறாங்க. அதன்படி இந்த நாய்க்குக் குறைஞ்சது 33 கிராம் புரதம் வேணும். கால்சியம் 900 மில்லிகிராம் வேணும், இதில் இருக்கிறது 250கிட்ட. தயிரில்தான் கால்சியம் கொட்டிக்கிடக்கேன்னு நினைப்போம், ஆனா 150 கிராம் தயிர் அந்தப் பள்ளத்தை மூடாது. துத்தநாகம் 14 மில்லிகிராம் வேணும், இருக்கிறது 3 சொச்சம். வைட்டமின் டி ஏறக்குறைய இல்லவே இல்ல. "நாள் முழுக்க வெயிலில்தானே படுத்திருக்கு"ன்னு கேட்காதீங்க. நம்ம தோல் மாதிரி நாயோட தோல் வெயிலிலிருந்து வைட்டமின் டியைப் போதுமான அளவு தயாரிக்காது. அது சாப்பாட்டில் இருந்துதான் வரணும்.

வயிறு நிறைஞ்சிருக்கும், வாலாட்டும், எடையும் சில சமயம் ஏறும். அதனாலதான் இந்தப் பற்றாக்குறை யார் கண்ணிலும் படுறதில்ல. வளர்ந்த நாய் தன் எலும்பிலிருந்தும் தசையிலிருந்தும் எடுத்து எடுத்துச் சமாளிக்கும். முதலில் ரோமம் மங்கும், நிறைய உதிரும், புண் ஆற நாளாகும். நாம "வெயில் காலம், அதான்"னு சொல்லிக்குவோம்.

குட்டிக்கு அந்தச் சேமிப்பு கிடையாது. இந்த எபிசோடில் ஒரே ஒரு விஷயம்தான் மனசில் நிக்கும்னா இது நிக்கட்டும். பால்சோறு, தயிர்சாதம் மட்டுமே தின்னு வளர்ற குட்டிக்கு, அதுவும் லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், ராஜபாளையம் மாதிரி வேகமா உயரம் போடுற குட்டிக்கு, ரத்தத்தில் கால்சியம் குறையும். ரத்தத்தில் அந்த அளவு இறங்க உடம்பு விடாது, இறங்கினா இதயமும் நரம்பும் நின்னுடும். அதனால பாராதைராய்டு சுரப்பி எலும்பைக் கரைச்சு ரத்தத்துக்குக் கொடுக்கும். குட்டி வளர வளர எலும்பு உள்ளுக்குள்ள மெலிஞ்சுக்கிட்டே போகும். முன்னங்கால் வளையும், பாதம் தட்டையா விரியும், படி ஏற மாட்டேங்கும், தூக்கினா கத்தும். சோபாவிலிருந்து குதிச்சதுக்கே கால் உடையும். வெறும் சிக்கனும் சோறும் கொடுத்தாலும் இதே கதைதான். சதைக்கறியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் ரொம்பக் கம்மி. "நான் தினமும் கறி போடுறேனே"ன்னு நம்பிக்கையா இருக்கிற வீட்டிலும் கால் வளையுறது இதனாலதான்.

உடனே மெடிக்கல் ஷாப்பில் கால்சியம் டானிக் ரெண்டு பாட்டில் வாங்கி ஊத்தினா சரியாயிடுமான்னு கேட்டா, அதுவும் ஆபத்து. சின்னக் குட்டிகளுக்கு, வேண்டாத கால்சியத்தை வெளியிலேயே நிறுத்துற திறமை இன்னும் வந்திருக்காது. கொடுக்கக் கொடுக்க உள்ளே போகும், பெரிய இனங்களுக்கு மூட்டு வளர்ச்சியே கோணிக்கும். வைட்டமின் டி அளவு மீறினா சிறுநீரகம் வரைக்கும் பாதிக்கும். அதனால குட்டிகளுக்கு, குறிப்பா பெரிய இனக் குட்டிகளுக்கு, நான் வீட்டுச் சமையலைச் சிபாரிசு பண்ணவே மாட்டேன். வளர்ச்சி முடியுற வரைக்கும் குட்டிகளுக்குன்னே தயாரிச்ச முழுமையான உணவு கொடுங்க. சமைச்சுத்தான் ஆகணும்னா, ஒரு கால்நடை மருத்துவர் கிராம் கணக்கில் எழுதிக் கொடுத்ததை மட்டும் சமைங்க.

அப்புறம் எலும்பு சூப். ஆட்டுக்கால் சூப் கொடுத்தா எலும்பு பலமாகும்னு நமக்கே ஒரு நம்பிக்கை உண்டு, அதை நாய்க்கும் நீட்டிட்டோம். எலும்பை எவ்வளவு நேரம் கொதிக்க வச்சாலும் தண்ணிக்கு வர்ற கால்சியம் ரொம்பச் சொற்பம். ருசிக்கு ரெண்டு கரண்டி ஊத்துங்க, தப்பில்ல, வெங்காயம் பூண்டு போடாம இருந்தா சரி. கால்சியக் கணக்கில் மட்டும் சேர்க்காதீங்க. வெந்த எலும்பையும் போடாதீங்க. சிலாம்பு மாதிரி உடைஞ்சு குடலைக் குத்தும். ஞாயித்துக்கிழமை பிரியாணி எலும்பால திங்கக்கிழமை ஆபரேஷன் வரைக்கும் போகும்.

வெங்காயம்னு சொன்னேன் இல்லையா, அதில் கொஞ்சம் நிக்கணும். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் சாம்பார்னா சின்ன வெங்காயம். அதோட மிச்சத்தைச் சோத்தில் பிசைஞ்சு நாய்க்கு வைக்கிறது இயல்பா நடக்கும். வெங்காயம், பூண்டு ரெண்டுமே நாயோட சிவப்பணுக்களை உடைக்கும். வேக வச்சாலும் அந்தக் குணம் போகாது, பொடியா இருந்தாலும் போகாது. உடம்பு எடையில் 0.5 சதவீதம் வெங்காயமே தொந்தரவு தரக்கூடிய அளவு. 15 கிலோ நாய்க்கு அது 75 கிராம். அது ஒரே நாளில் போகணும்னு இல்ல, தினமும் கொஞ்சம் கொஞ்சமா போனாலும் சேரும். அறிகுறி உடனே வராது, சில நாள் கழிச்சு வரும்: ஈறு வெளிறும், சோர்ந்து படுக்கும், மூத்திரம் கருஞ்சிவப்பாகும். அதுக்குள்ள நாம சாம்பாரை மறந்திருப்போம். அதே மாதிரி திராட்சை, உலர் திராட்சை, சாக்லேட், சைலிட்டால் போட்ட சர்க்கரையில்லா மிட்டாய், எதுவும் வேண்டாம். பாயசத்தில் திராட்சை கிடக்கும், அதை மறந்துடாதீங்க.

சரி, எல்லாத்தையும் வேண்டாம்னே சொல்லிக்கிட்டிருந்தா எப்படி? அதே 15 கிலோ நாய்க்கு, வளர்ந்த, ஆரோக்கியமா இருக்கிற நாய்க்கு, ஒரு நாள் சமையல் சொல்றேன். சமையலறைத் தராசு ஒண்ணு வாங்கிக்குங்க. "ஒரு கைப்பிடி", "ரெண்டு கரண்டி"ங்கிற அளவு ஆளுக்கு ஆள் மாறும், அம்மா போட்டா அது வேற.

வெந்த சோறு 250 கிராம். பொன்னியோ, ரேஷன் புழுங்கலோ, எது இருக்கோ அது. நல்லா குழையணும், நாய் மென்னு சாப்பிடுற பிராணி இல்ல. எலும்பில்லாத, தோலில்லாத சிக்கன் தொடைக்கறி, பச்சையா எடை போட்டு 180 கிராம். அவிச்ச முட்டை ஒண்ணு. ஈரல் 20 கிராம், அதுக்கு மேல வேண்டாம், ஈரல் அதிகமானா வைட்டமின் ஏ உடம்பில் தேங்கும். கிடைச்சா ஆட்டு ஈரல் வாங்குங்க, தாமிரம் கோழி ஈரலைவிட அதில் அதிகம். பரங்கிக்காய், கேரட், பீன்ஸ் எல்லாம் சேர்த்து 80 கிராம். நல்லெண்ணெய் ஒரு டீஸ்பூன். ஆமா, நல்லெண்ணெய்தான். நாய்க்கு அத்தியாவசியமான லினோலெயிக் அமிலம் அதில் தாராளமா இருக்கு. தேங்காய் எண்ணெயை ஊரே கொண்டாடுது, ஆனா அதில் இந்த அமிலம் பேருக்குத்தான். தயிர் 50 கிராம். பாட்டி மனசும் நோகாது.

அடுத்து கால்சியம். முட்டை ஓட்டைக் கழுவி, 10 நிமிஷம் கொதிக்க வச்சு, வெயிலில் நல்லா காய வையுங்க. நம்ம ஊரில் காயுறதுக்கு அரை நாள் போதும். மிக்ஸி சின்ன ஜாரில் போட்டு டால்கம் பவுடர் மாதிரி அரைச்சுச் சலிச்சுக்குங்க. இந்த நாய்க்கு தினமும் அரை டீஸ்பூன், 2.5 கிராம் இருக்கும். அதிலிருந்து 900 மில்லிகிராமுக்குக் கொஞ்சம் மேல கால்சியம் வரும். ஒரு முட்டை ஓடு ரெண்டு நாளுக்கு வரும். குப்பைக்குப் போற பொருள். நண்டு ஓடும் எலி எலும்பும் செஞ்ச வேலையை இப்போ இது செய்யுது.

வாரத்தில் ரெண்டு நாள் சிக்கனுக்குப் பதிலா மத்தி மீன். நாகப்பட்டினம், மல்லிப்பட்டினம் பக்கத்திலிருந்து தஞ்சாவூர் சந்தைக்கு மீன் வந்துக்கிட்டேதான் இருக்கு. ஒமேகா-3, வைட்டமின் டி ரெண்டும் இதில் கிடைக்கும். கட்டாயம் வேக வச்சு, முள் எடுத்துக் கொடுங்க. பச்சை மீன் சிலதில் தயாமினேஸ்னு ஒரு நொதி இருக்கு, அது வைட்டமின் பி1ஐ அழிச்சிடும். வேக வச்சா அந்த நொதி செத்துடும். கருவாடு வேண்டாம், உப்பு.

மொத்தம் 735 கலோரி, புரதம் 55 கிராம், கால்சியமும் பாஸ்பரஸும் ஏறக்குறைய 1.6க்கு 1. பார்க்க அருமையா இருக்கு இல்ல? இங்கேதான் நிறைய யூடியூப் ரெசிபிகள் முடிஞ்சு "உங்க செல்லத்துக்கு ஹெல்தி ஃபுட் ரெடி"ன்னு இசை போட்டுடுவாங்க.

ஆனா ரெடி ஆகல. இதே தட்டில் துத்தநாகத்தைக் கூட்டிப் பாருங்க. 6 மில்லிகிராம் பக்கம்தான் வருது, வேண்டியதில் பாதிகூட இல்ல. அயோடின் பத்தாது. அயோடின் உப்பைப் போட்டு அதைச் சரிக்கட்டணும்னா நிறைய உப்பு போடணும். வைட்டமின் ஈயும் குறைவு, மீன் போடாத நாளில் வைட்டமின் டியும் குறைவு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், டேவிஸ் கால்நடை மருத்துவப் பிரிவு 2013ல் புத்தகங்களிலிருந்தும் இணையத்திலிருந்தும் 200 வீட்டுச் சமையல் குறிப்புகளை எடுத்து அலசினாங்க. 95 சதவீதத்தில் அத்தியாவசியச் சத்து ஏதாவது ஒண்ணாவது குறைஞ்சிருந்தது. அதில் கால்நடை மருத்துவர்கள் எழுதினதும் அடக்கம். "இன்னைக்கு இது, நாளைக்கு அது, மாத்தி மாத்திக் கொடுத்தா எல்லாம் சமமாயிடும்"னு ஒரு சமாதானம் சொல்வோம். எல்லாக் குறிப்பிலும் அதே சத்துகள் குறைஞ்சிருந்தா எதை மாத்தி என்ன பிரயோஜனம்?

அதனால, வீட்டுச் சமையலோட கலக்கிறதுக்குன்னே தயாரிச்ச வைட்டமின்-தாது கலவை ஒண்ணு அவசியம். சாதாரண டானிக்கோ, மனுஷங்க சாப்பிடுற மல்டிவைட்டமினோ இல்ல. எது, எவ்வளவுங்கிறதை உங்க நாயைப் பார்த்த மருத்துவர் சொல்லணும். நான் மேல சொன்ன அளவை எழுதி அவர்கிட்ட காட்டுங்க. அந்தக் கலவையிலேயே கால்சியம் இருந்தா முட்டை ஓட்டைக் குறைக்கணும், இல்ல நிறுத்தணும். தஞ்சாவூர் மாவட்டத்திலேயே ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு, 2012ல் வந்தது, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தோடது. மாட்டுக்கும் ஆட்டுக்கும்தான்னு நினைச்சு நாய் வளர்க்கிற நம்மில் பல பேர் அந்தப் பக்கமே யோசிக்கிறதில்ல. சிறுநீரகம், கணையம், கல்லீரல்னு ஏற்கெனவே நோய் இருக்கிற நாய்க்கு இந்த அளவு எதுவுமே பொருந்தாது. அதுக்குக் கணக்கே வேற.

சைவ வீடுகளிலிருந்து ஒரு கேள்வி வரும். "வீட்டில் கறி, முட்டை எதுவும் ஏத்த மாட்டோம். நாய் வளர்க்கக் கூடாதா?" வளர்க்கலாம். பூனை மாதிரி இல்ல நாய். சரியா வடிவமைச்சா சைவ உணவிலும் இருக்க முடியும். ஆனா பருப்பும் சோறும் தயிரும்னு முடிச்சா அது வடிவமைப்பு இல்ல. பன்னீர், மீல் மேக்கர்னு புரதம் சேர்க்கணும், மெத்தியோனின், டாரின், பி12 எல்லாம் பார்க்கணும். பருப்பு வகைகள் அதிகமா இருக்கிற தானியமில்லா நாய் உணவுகளுக்கும் ஒரு வகை இதய நோய்க்கும் தொடர்பு இருக்கான்னு அமெரிக்காவில் எஃப்டிஏ 2018ல் விசாரணையே ஆரம்பிச்சது. இதுதான் காரணம்னு கடைசி வரை முடிவா சொல்ல முடியல, ஆனா பயம் வீண் இல்ல. என் அபிப்பிராயம் கேட்டா, சைவ வீட்டில் சமைச்சுப் போராடுறதைவிட நல்ல முழுமையான பாக்கெட் உணவு வாங்கிக் கொடுக்கிறது நாய்க்கு நல்லது. அடுப்பும் சுத்தமா இருக்கும்.

பாக்கெட் உணவு கொடுக்கிறவங்களைக் குற்ற உணர்ச்சிக்கு ஆளாக்குற பேச்சு எனக்குப் பிடிக்காது. "முழுமையான, சமச்சீர் உணவு"ன்னு போட்ட பாக்கெட்டை அளந்து வைக்கிற வீட்டு நாய், அன்போட தயிர்சாதம் மட்டும் வைக்கிற வீட்டு நாயைவிடச் சத்தோட இருக்கும்.

சமைக்கிற முறையில் சில விஷயம். சோறு, கறி, ஈரல், காய் எல்லாத்தையும் ஒரே குக்கரில் போட்டு நாலு விசில் விடலாம், மசாலா, மிளகாய் எதுவும் கிடையாது. எண்ணெய், முட்டை ஓட்டுப் பொடி, சத்துக் கலவை மூணும் ஆறின பிறகுதான், சூட்டில் வைட்டமின் போயிடும். ஃப்ரிட்ஜில் 3 நாளுக்கு மேல வைக்காதீங்க, மிச்சத்தை நாள் வாரியா டப்பாவில் ஃப்ரீசரில் வையுங்க. ஐப்பசி, கார்த்திகை மழையில் அரிசியும் வேர்க்கடலையும் ஈரம் கோத்துப் பூசணம் பிடிக்கும். "மனுஷனுக்கு ஆகாது, நாய்க்குப் போடு"ன்னு அதைத் தள்ளாதீங்க. பூசணத்தில் வர்ற அஃப்ளடாக்சினுக்கு நாயோட கல்லீரல் ரொம்பச் சீக்கிரம் விழும். கழுவினாலும் வேக வச்சாலும் அது முழுசாப் போகாது.

டெல்டாக்காரங்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் குறிப்பு. 2018 நவம்பர் 16 கஜா புயல் ஞாபகம் இருக்கும். பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு பக்கம் எத்தனை நாள் கரண்ட் இல்லாம இருந்தோம்! ஃப்ரீசரை நம்பின திட்டம் எல்லாம் முதல் நாளே தண்ணியா ஓடிடும். மழைக்காலத்தில் ஒரு பாக்கெட் முழுமையான உலர் உணவு வாங்கி மேல் அலமாரியில் வச்சிருங்க. அதை மாசத்தில் ரெண்டு மூணு தடவை கொஞ்சம் கொடுத்துப் பழக்கியும் வையுங்க. புயல் அன்னைக்குத் திடீர்னு மாத்தினா வயித்துப்போக்கு, அதுவும் மழையில், வீட்டுக்குள்ள.

புது உணவுக்கு மாத்துறதும் அப்படித்தான், 7லிருந்து 10 நாளில் படிப்படியா. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை எடை பாருங்க. நாயைத் தூக்கிக்கிட்டு நீங்க தராசில் ஏறுங்க, உங்க எடையைக் கழிச்சா அதோட எடை. விலாவைத் தடவினா எலும்பு கைக்குத் தட்டணும், கண்ணுக்குத் துருத்தக்கூடாது. கை அழுத்தித் தேடுற நிலைமைன்னா சோத்தைத்தான் முதலில் குறைக்கணும், கறியை இல்ல.

கடைசியா, "அப்போ தயிர்சாதமே கூடாதா?" கொடுக்கலாம். பிஸ்கட், பழம், தட்டிலிருந்து நீட்டுற துண்டு, எல்லாம் சேர்த்து நாளோட கலோரியில் 10 சதவீதத்துக்குள்ள இருக்கணும்னு ஒரு விதி உண்டு. நம்ம 15 கிலோ நாய்க்கு அது 70 கலோரி. தயிர்சாதமா கொடுத்தா 65 கிராம், ஒரு சின்னக் கிண்ணம். வெங்காயம் போட்டுத் தாளிச்சிருக்கக் கூடாது. அன்னைக்கு வேற பிஸ்கட் கிடையாதுன்னு வீட்டில் எல்லார்கிட்டயும் சொல்லி வையுங்க, தாத்தாகிட்ட ரெண்டு தடவை சொல்லுங்க.